மழையில்லாத வெள்ளம்

"அங்க மழை பெய்யுதாடி?"

"இல்லம்மா. நல்ல வெயில்."

"அப்புறம் எப்படி ஆத்துல தண்ணி வரும்?"

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலிருக்கும் ஃபார்கோவுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் அம்மாவோடு இந்தப் பேச்சு நடக்கும். அவள் கொள்ளிடக் கரையில் பிறந்து, கொள்ளிடக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். வெள்ளம் வருவதற்கு அவளிடம் ஒரு வரிசை உண்டு. மேற்கே மழை பிடிக்க வேண்டும், மேட்டூர் நிரம்ப வேண்டும், முக்கொம்பில் தண்ணீரைக் கொள்ளிடத்துப் பக்கம் திருப்பிவிட வேண்டும், அப்புறம்தான் எங்கள் ஊர்ப் படித்துறை முழுகும். வானம் நீலமாக இருக்க, ஒரு சொட்டு மழை விழாமல், யாரும் எந்த அணையையும் திறக்காமல் ஒரு ஆறு ஏறிக்கொண்டே போகிறது என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதை 2019 மே மாதப் பாதியில் எழுதுகிறேன். எங்கள் ரெட் ஆறு இந்த வருடம் ஏப்ரல் 7-ஆம் தேதி ஃபார்கோவில் 35.03 அடிக்கு ஏறிவிட்டு இறங்கியது. 18 அடியைத் தாண்டினால் இங்கே வெள்ளம், 30 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்று கணக்கு. ஆற்றோரப் பூங்காக்களில் இன்னும் சேறு காயவில்லை. இந்தச் சமயத்தில் எழுதக் காரணம், எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு. இரண்டு மாதமாக அதில் ஒரே கேள்விதான்: "தண்ணி வருமா, வராதா?" யாராவது ஒருவர் வானிலை அறிக்கையிலிருந்து ஒரே ஒரு எண்ணை மட்டும் படம் பிடித்துப் போடுவார். அதைப் பார்த்து ஒருவர் பயந்துபோவார், இன்னொருவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். இரண்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த அறிக்கையைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெண்மணி. அவரிடம் கற்றதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

இங்கே மழைக்குப் பதில் பனி. நவம்பரிலிருந்து மார்ச் வரை விழுகிற பனி எங்கும் போவதில்லை, விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ஐந்து மாதத்து மழையைத் தரையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருக்கும் மண் கல்லாக உறைந்திருப்பதால் வெயில் வந்து பனி உருகும்போது தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. அத்தனையும் ஓடைக்கும் ஆற்றுக்கும்தான் போக வேண்டும்.

அதோடு இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. வாபெட்டன் என்ற ஊரில் இரண்டு ஆறுகள் கூடிப் பிறந்து, ஃபார்கோ, கிராண்ட் ஃபோர்க்ஸ் வழியாகக் கனடாவுக்குள் நுழைந்து வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. வெயில் முதலில் வருவது தெற்கே. அங்கே பனி உருகி ஆறு கிளம்பும்போது வடக்கே ஆறு இன்னும் பனிக்கட்டியாகத்தான் இருக்கும். வருகிற தண்ணீர் உறைந்து கிடக்கும் ஆற்றின் மேல் போய் முட்டுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கடைமடையில ஷட்டர மூடிட்டு மேல தண்ணி விட்ட மாதிரி" என்றாள். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வராது.

மூன்றாவது காரணம் நிலம். இந்தப் பள்ளத்தாக்கு என்று பேர்தானே தவிர, பள்ளமும் இல்லை தாக்கும் இல்லை. பனியுகத்தின் முடிவில் அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி இங்கே இருந்தது. அது வடிந்த பிறகு மிஞ்சிய ஏரித்தரைதான் இது. கறுப்புக் களிமண், தட்டுப்போல மட்டம். ஃபார்கோ பக்கம் ஆற்றின் சரிவு மைலுக்கு அரை அடிகூட இல்லை. கனடா எல்லையை நெருங்கும்போது அதுவும் குறைந்து விரற்கடை அளவுக்கு வந்துவிடுகிறது. கரையைத் தாண்டிய தண்ணீருக்குக் கீழே ஓடும் அவசரமே கிடையாது. பக்கவாட்டில் மைல் கணக்கில் பரவிக் கொண்டு அப்படியே நிற்கும். இங்கே வெள்ளம் ஒரு நாள் சமாச்சாரமாக இல்லாமல் வாரக்கணக்கில் நீள்வது இதனால்தான்.

இனி அறிக்கை.

ஒவ்வொரு வருடமும் குளிர்காலம் பாதி தாண்டியதும் கிராண்ட் ஃபோர்க்ஸில் இருக்கும் தேசிய வானிலைச் சேவை அலுவலகம் வசந்தகால வெள்ள முன்னறிவிப்பை வெளியிடத் தொடங்கும். மார்ச்சில் மூன்றாவது வாரம் வாக்கில் நோவா என்கிற அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பு நாடு முழுவதற்குமான வசந்தகால அறிக்கையைக் கொடுக்கும். இந்த வருடம் அது மார்ச் 21-ஆம் தேதி வந்தது. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் மே மாதம் வரை வெள்ள அபாயம், 20 கோடிக்கு மேற்பட்ட மக்கள் அபாயப் பகுதியில் இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அப்போதே நெப்ராஸ்கா தண்ணீருக்குள் இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அங்கே உறைந்த நிலத்தின் மேலும் பனியின் மேலும் பெருமழை கொட்டி, மார்ச் 14-ஆம் தேதி நையோப்ராரா ஆற்றின் ஸ்பென்சர் அணை பனிக்கட்டிப் பாளங்களின் மோதலில் உடைந்து போயிருந்தது.

இந்த அறிக்கைகளுக்குப் பின்னால் இருக்கிற வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் போகவில்லை. பனி எத்தனை அங்குலம் என்று அளப்பதில் பெரிய பயன் இல்லை. பஞ்சு போன்ற பனி பத்து அங்குலம் உருகினால் ஒரு அங்குலத் தண்ணீர்கூடத் தேறாது. கிடந்து அமுங்கிய பழைய பனி அதே ஆழத்துக்கு மூன்று மடங்கு தண்ணீர் வைத்திருக்கும். பனிக்குள் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் தெரிய வேண்டும். அதற்கு ஒரு விமானத்தைத் தரையிலிருந்து 500 அடி உயரத்தில் ஓட்டுகிறார்கள். மண்ணில் இயற்கையாகவே பொட்டாசியம், யுரேனியம், தோரியம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றிலிருந்து காமா கதிர் எப்போதும் வந்துகொண்டேயிருக்கும். மேலே பனி மூடியிருந்தால் அதிலுள்ள தண்ணீர் கதிரைக் கொஞ்சம் தடுத்துவிடும். பனி விழுவதற்கு முன்னால் ஒருமுறை அதே பாதையில் பறந்து அளந்து வைத்துக்கொள்கிறார்கள். பனிக்காலத்தில் மறுபடி பறந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, தண்ணீரின் அளவைக் கணக்கிடுகிறார்கள். பிப்ரவரியில் தாழப் பறக்கும் சிறு விமானத்தைக் கண்டால் என் மகள் "அம்மா, பனி அளக்கிறாங்களா?" என்று கேட்பாள். எல்லா விமானமும் அதுவாக இருக்காது. ஆனாலும் இருவரும் நின்று பார்ப்போம்.

பனியில் உள்ள தண்ணீர், போன இலையுதிர்காலத்தில் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது, உறைபனி எத்தனை ஆழம் போயிருக்கிறது, ஆறு இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறது. இவை நான்கும் மார்ச் தொடக்கத்தில் கையில் இருக்கும். இரண்டு விஷயங்கள் கையில் இருக்காது: இனி எவ்வளவு மழையோ பனியோ விழும், உருகுவது எவ்வளவு வேகமாக நடக்கும். அதனால், இந்த வருடத்துப் பனியையும் மண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் கடந்துபோன ஒவ்வொரு வருடத்து வசந்தத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இந்தப் பனி அந்த வருடத்து வெயிலில் உருகியிருந்தால் ஆறு எவ்வளவு ஏறும்? இன்னொரு வருடத்து மழை இதன்மேல் பெய்திருந்தால்? இப்படி வரும் விடைகளை வரிசைப்படுத்தினால்தான் அந்த அட்டவணை. இத்தனை அடியைத் தாண்ட 95 சதவீத வாய்ப்பு, இத்தனை அடியைத் தாண்ட 50 சதவீதம், இத்தனை அடிக்கு 10, இத்தனை அடிக்கு 5 என்று போகும்.

எங்கள் குழுவில் படம் பிடித்துப் போடுகிற எண் எப்போதும் நடுவிலிருக்கும் 50. அது "வரப்போகிற உயரம்" கிடையாது. பாதி வசந்தங்கள் அதைத் தாண்டும் என்று பொருள். 10 சதவீதம் என்பதைப் பார்த்து "அதெல்லாம் வராது" என்று தள்ளிவிடுகிறோம். இதே பனியோடு பத்து வசந்தம் வந்தால் ஒன்றில் வரும். அந்த ஒன்று இந்த வருடமாக இருக்காது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

பருவ வானிலை வரைபடத்திலும் இதே சிக்கல் உண்டு. பச்சை பூசிய இடத்தைப் பார்த்தால் உடனே "இந்த வசந்தம் ஈரமான வசந்தம்" என்று ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இயல்புக்கு அதிகம், இயல்பு, இயல்புக்குக் குறைவு என்று மூன்று பங்கு. எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். வெளிர்பச்சை என்றால் முதல் பங்கு 33-லிருந்து 40 பக்கம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளையாக விட்ட இடத்தை "இயல்பாக இருக்கும்" என்று படிக்கிறோம். அங்கே மூன்றுக்கும் சம வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பக்கமும் சாயப் போதிய துப்பு கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண்மணியை 2009-இல் மணல் மூட்டை வரிசையில் சந்தித்தேன்.

2008 இலையுதிர்காலம் முழுக்க மழை. மண் நனைந்த பஞ்சுபோல இருந்தது, அப்படியே உறைந்தது. அப்போது எனக்கு இதன் அர்த்தம் தெரியாது. மகளுக்குப் பத்து மாதம். ஆற்றிலிருந்து ஒரு மைல் தள்ளி வாடகை வீடு. மார்ச் மூன்றாம் வாரத்தில் திடீரென்று சூடேறி, மழையும் சேர்ந்துகொண்டது. பல்கலைக்கழகமும் பள்ளிகளும் மூடப்பட்டன. என் கணவர் ஃபார்கோடோம் என்கிற உள்ளரங்கில் இரவெல்லாம் மூட்டை நிரப்பிவிட்டு விடிகாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார். எதிர்வீட்டு அம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் நானும் ஒரு நாள் போனேன்.

கொள்ளிடத்தில் உடைப்பு எடுத்தால் சவுக்குக் கட்டை அடித்து, வைக்கோலும் மணல் மூட்டையும் போட்டு அடைப்பார்கள். சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். இங்கே வேறு மாதிரி. மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்ப வேண்டும். வாயை அடியில் மடித்து, செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி அடுக்கி, காலால் மிதித்துப் படிய வைக்க வேண்டும். உறைந்துபோன மூட்டை கல்போல இருக்கும், ஒன்றோடு ஒன்று பொருந்தாது, இடுக்கில் தண்ணீர் வரும். அதனால்தான் கதகதப்பான கூரைக்குக் கீழே நிரப்பி, உறைவதற்குள் லாரியில் ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள். முன்னால் போலீஸ் வண்டி வழிவிட, சமதள லாரிகள் மூட்டையோடு தெருவில் பறந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

வரிசையில் எனக்கு அடுத்து நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். மூட்டையைக் கை மாற்றிக்கொண்டே பேசினார். 1997-இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் அவர்கள் வீடு போய்விட்டது.

அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1996-97 குளிர்காலத்தில் எட்டுப் பனிப்புயல்கள். ஃபார்கோவில் மட்டும் மொத்தம் 117 அங்குலம் பனி. கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு வந்த முன்னறிவிப்பு 49 அடி. அந்த எண்ணை வைத்து ஊர் கரையை உயர்த்தியது. அந்த எட்டில் கடைசிப் புயல் ஏப்ரல் தொடக்கத்தில்தான் வந்தது. ஆறு 49-ல் நிற்கவில்லை. 54.35 அடி வரை போனது. ஏப்ரல் 18-ஆம் தேதி தொடங்கிக் கரைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஏறக்குறைய 50,000 பேர் கொண்ட ஊரில் பெரும்பாலோர் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. தண்ணீர் சூழ்ந்த கடைவீதியில் தீப்பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன. தீயணைப்பு வண்டியால் பக்கத்தில் போக முடியவில்லை.

"49 என்று சொன்னார்கள். அதனால் பேஸ்மென்டிலிருந்த ஆல்பங்களை எல்லாம் மேலே கொண்டுவந்து சமையலறை மேசைமேல் வைத்தேன். மேசை வரைக்கும் வராது என்று நினைத்தேன்" என்றார் அவர். அழவில்லை. மூட்டையை வாங்கினார், அடுத்தவரிடம் கொடுத்தார். எனக்குத்தான் கண் கலங்கியது. வீட்டில் குழந்தையின் தொட்டில் கீழ்த்தளத்தில் இருந்தது.

முந்தைய முன்னறிவிப்புகள் எத்தனை அடி தவறியிருந்தன என்று பார்த்திருந்தால், ஐந்து அடி வித்தியாசம் நடக்கக்கூடியதுதான் என்று தெரிந்திருக்கும். 49-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது மக்களின் காதுக்கு வந்து சேரவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, இப்போது நாம் பார்க்கிற சதவீத அட்டவணைக்கு மாறினார்கள். அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் அவருடைய சமையலறை மேசை இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் எனக்குச் சொன்னது ஒரு பழக்கம். காலண்டரில் எப்போதும் இரண்டு எண்ணை எழுது, கீழெண் ஒன்று, மேலெண் ஒன்று. ஏற்பாடு செய்வது மேலெண்ணுக்கு. அன்று வீட்டுக்கு வந்ததும் தொட்டிலை மேல்மாடிக்கு ஏற்றினோம். பாஸ்போர்ட், சான்றிதழ், குழந்தையின் மருந்து, இரண்டு செட் துணி எல்லாம் ஒரு பையில் வாசலருகே போய் உட்கார்ந்தன.

மார்ச் 26-ஆம் தேதி மேலெண் 43 அடிக்கு உயர்ந்தது. அதற்கேற்பக் கரையை இன்னும் ஒரு அடி உயர்த்த ஊரே இறங்கியது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, தார்ச்சாலையின் நடுவிலேயே களிமண்ணைக் கொட்டி இரண்டாவது கரை கட்டினார்கள். ஆற்றங்கரை உடைந்தால் அது தாங்க வேண்டும். நாங்கள் இருந்தது அதற்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று தெருமுனையில் போய் நின்று பார்த்தேன். உள்பக்கம்தான். வெளிப்பக்கத்தில் விளக்கெரிந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

அப்புறம் குளிர் வந்தது. எந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே இந்த ஊரில் நாளைக் கழித்தேனோ அதே குளிர். உறைநிலைக்கு வெகு கீழே போனதும் உருகுவது நின்று, ஓடைகள் மறுபடி இறுகின. மார்ச் 28-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஆறு 40.84 அடியில் நின்றது. 1897-இல் வந்த பழைய உச்சத்தையும் தாண்டிய உயரம். அதுவரை இந்த ஊர் கண்டதில் அதுதான் அதிகம், இன்றுவரை அதுதான் அதிகம்.

செய்திக்காரர்கள் அடுத்த இரண்டு நாளில் கிளம்பிவிட்டார்கள். நம் ஊரிலிருந்து நலம் விசாரித்த உறவுகளும் "அப்பாடா, முடிஞ்சுது" என்றார்கள். ஆனால் எதுவும் முடியவில்லை. இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான்.

உச்சத்துக்கு இரண்டு நாள் கழித்து மார்ச் 30, 31 தேதிகளில் பெரிய பனிப்புயல். மூட்டைக் கரையின் மேல் அலை அடித்தது. விழுந்த பனி எல்லாம் நாளைய தண்ணீர். ஏப்ரலில் இரண்டாவது உச்சம் வரும் என்று முன்னறிவிப்பு சொன்னது. முதல் அளவுக்கே வரக்கூடும் என்ற பேச்சும் இருந்தது. ஊர் கரையைப் பிரிக்கவில்லை. வாசலருகே இருந்த பையை நாங்களும் பிரிக்கவில்லை. ஏப்ரல் பாதியில் ஆறு 34 அடி வாக்கில் மறுபடி ஏறி இறங்கியது. அதன்பிறகும் 18 அடிக்குக் கீழே வர மே மாதம் ஆகிவிட்டது. இரண்டு மாத வாக்கில் வெள்ளமட்டத்துக்கு மேலேயே நின்ற ஆறு அது. முதல் வாரத்துப் பயத்தைவிட அந்த இரண்டு மாதத்துக் காத்திருப்பு என்னை அதிகம் களைக்க வைத்தது. இரவில் எழுந்து சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் குழந்தைக்குப் பால் கலக்குவேன். பேஸ்மென்டின் தரைக்கடியில் ஊறுகிற நிலத்தடி நீரை வெளியே தள்ளுகிற அந்தச் சின்ன பம்ப் நின்றால், கரை உடையாமலே வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

விவசாயிகளுக்கு இந்த நீட்சிதான் உண்மையான வெள்ளம். எங்களுக்கு முட்டை கொண்டுவந்து தருபவர் ஹார்வுட் பக்கம் கோதுமையும் சர்க்கரை எடுக்கிற பீட்கிழங்கும் போடுகிறவர். ஆறு இறங்கிய பிறகும் அவர் வயலில் தண்ணீர் நிற்கும். இங்கே மைலுக்கு ஒரு சாலை என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சாலையும் வரப்புபோலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அடியில் இருக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்திருக்கும். ஷெயென் போன்ற துணையாறுகள் நிதானமாகப் பின்னால் வந்து சேரும். தண்ணீர் வடிந்தாலும் அந்தக் களிமண் பதத்துக்கு வர நாளாகும். டிராக்டரை இறக்கினால் சக்கரம் புதையும், மண்ணும் இறுகிக் கெட்டுவிடும். இங்கே கோடை குட்டை. ஏப்ரல் கடைசியில் விதைக்க வேண்டியதை மே கடைசியில் விதைத்தால் விளைச்சலில் ஒரு பங்கு அப்போதே போய்விட்டது. 2009-இல் அவர் சில வயல்களை விதைக்காமலே விட்டார். "பதம் வந்துதா?" என்று அம்மா அவரைப் பற்றி போனில் கேட்பாள். அவரிடம் அதை நான் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்.

2009-க்குப் பிறகு ஊர் நிறைய மாறியது. ஃபார்கோவும் ஆற்றின் எதிர்க்கரை மூர்ஹெட்டும் கரையோர வீடுகளை நூற்றுக்கணக்கில் விலைக்கு வாங்கி இடித்துவிட்டு நிரந்தரக் கரை போட்டன. வெள்ளத்தை ஊருக்கு வெளியே சுற்றி அனுப்ப 30 மைல் நீள வாய்க்கால் வெட்டும் திட்டமும் இருக்கிறது. வின்னிபெக்கில் 1968-இலேயே இப்படி ஒன்றை, 47 கிலோமீட்டருக்கு, வெட்டி முடித்தார்கள். 1997-இல் அந்த ஊரைக் காத்தது அதுதான். எங்கள் வாய்க்கால் இப்போது, 2019-இல், வழக்குகளில் மாட்டித் தாமதமாகியிருக்கிறது. அது வர வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பெருவெள்ளக் காலத்தில் தெற்கே மேட்டுப்பக்கத்து விவசாயிகளின் நிலத்தில் தண்ணீரை நிறுத்தி வைத்துத்தான் எங்களைக் காப்பாற்றப் போகிறார்கள். அவர்களுக்கு உரியதை முன்கூட்டியே, அவர்கள் மனம் நோகாமல் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வருடம் நான் எப்படிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜனவரி கடைசியில் துருவக்குளிர் வந்து பாரன்ஹீட்டில் மைனஸ் 30-க்குக் கீழே போயிற்று. உறைபனி மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும் என்று குறித்துக்கொண்டேன். பிப்ரவரியில் பனி குவிந்தது. மார்ச் அறிக்கைப்படி 30 அடியைத் தாண்டுவது ஏறக்குறைய நிச்சயம். 2009-ஐ நெருங்கும் சிறிய வாய்ப்பும் அதில் இருந்தது. காலண்டரில் இரண்டு எண்ணையும் எழுதினேன். பேஸ்மென்டிலிருந்த பெட்டிகளை மேலே ஏற்றினோம். ஆல்பங்களை மேல்மாடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மார்ச் கடைசியில் மூட்டை நிரப்பும் கொட்டகை திறந்ததும் இரண்டு சாயங்காலம் போய் வந்தேன். 2009-இல் என்னோடு நின்ற பிள்ளைகளின் அதே வயதில் இப்போதும் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வெள்ளத்தின்போது இவர்கள் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பார்கள்.

அதன்பிறகு நான் பார்த்தது இரவு வெப்பநிலையை மட்டும்தான். பகலில் 40 டிகிரி, இரவில் 25 டிகிரி பாரன்ஹீட் என்று இருந்தால் நல்லது. பகலில் கொஞ்சம் உருகி, இரவில் நின்று, ஆறு மூச்சு வாங்கிக்கொள்ளும். இரவும் உறைநிலையான 32-க்கு மேலேயே நின்று, மேலே மழையும் விழுந்தால்தான் ஆபத்து. இந்த வருடம் இரவுகள் பெரும்பாலும் நம் பக்கம் நின்றன. பனி மெதுவாகவே உருகியது. அதே பனி, அதே மண், வேறு இரவுகள் என்றால் 35-ல் நின்றிருக்காது. ஏப்ரலில் குழுவில் ஒருவர், "சும்மா பயமுறுத்தினாங்க, ஒண்ணும் ஆகல" என்று எழுதினார். அவரிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்படிச் சொல்வது தப்பு. கீழெண்ணுக்கும் மேலெண்ணுக்கும் நடுவில்தான் ஆறு வந்து நின்றது. அறிக்கை சொன்னதும் அதைத்தான்.

தெற்கே இன்னும் நிலைமை மோசம். அயோவாவின் டேவன்போர்ட்டில் மார்ச் பாதியிலிருந்தே மிசிசிப்பி வெள்ளமட்டத்துக்கு மேல் நிற்கிறது. வாரக்கணக்கில் தண்ணீர் தாங்கிய தற்காலிகத் தடுப்பு ஏப்ரல் 30-ஆம் தேதி உடைந்து கடைவீதி முழுகியது. நின்று நின்று நனைந்த கரை எப்போது இளகும் என்று யாருக்குத் தெரியும்? லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஜனவரியிலிருந்து வெள்ளம் வடியவே இல்லை. நியூ ஆர்லியன்ஸைக் காக்க 1931-இல் கட்டிய பானே காரே வடிகாலை பிப்ரவரியில் திறந்து ஏப்ரலில் மூடினார்கள். மே 10-ஆம் தேதி மறுபடி திறந்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை திறப்பது இதுவே முதல் தடவை. அங்கே இருக்கிற தமிழ் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், கரையோரம் எங்காவது மண்ணோடு கொப்பளித்துத் தண்ணீர் ஊறுவதைக் கண்டால் உடனே உள்ளூர் கரைப் பராமரிப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அதற்கு ஊத்து என்று பெயர். உடைப்புக்கு முன்னால் வருவது அதுதான்.

மூட்டை வரிசையில் பழகிய அந்தப் பெண்மணி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு அனுப்புவார். இந்த ஏப்ரலில் நான்தான் அவரைக் கூப்பிட்டேன், ஆறு இறங்க ஆரம்பித்த அன்று. "மேலெண்ணை அழித்துவிட்டாயா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "மே போகட்டும்" என்றார்.

நேற்று இரவு படுக்கப்போகும் முன் பேஸ்மென்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து கேட்டேன். போன மாதம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிய பம்ப், இப்போது முக்கால் மணிக்கு ஒருமுறைதான் ஓடுகிறது.